மருமகன் வைத்த காது

"ஒனக்கு என்னத்துக்குடி இப்ப அந்தக் கதை? படிக்கிற புள்ள புத்தகத்தப் பாத்துப் படிக்கிறத உட்டுப்போட்டு, கிழவிட வாயக் கிண்டிக்கிட்டு இரிக்கா."

என் பேத்தியை முதலில் இப்படித்தான் ஏசினேன். கம்பஸில் அவள் படிப்பது, மனிதருடைய மூளையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் செய்கிற படிப்பாம். அதே வேலையை அவளுடைய வாப்பா இந்த வீட்டில், மீன் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தவர் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாராம்.

"உம்மாட்டக் கேட்டா, 'உம்மம்மாட்டக் கேளு' எண்டு செல்றா. அப்பிடி என்ன உம்மம்மா நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. ஒங்கட வாப்பா ஒரு காது செஞ்சார். அது பொறக்கக்குள்ளயே பைத்தியமாப் பொறந்த. பிறகு தெளிஞ்ச. அவ்வளவுதான். பெய்த்துத் தேத்தண்ணிக்குக் கேத்தல வை."

அவள் போகவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் பழகிய ஒருத்தியிடம் கம்ப்யூட்டர் கதை கேட்க வந்த உங்களையும் ஒரு தரம் ஏசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்களுக்கும் வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா?

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்ததும் வீடு மகளுக்குச் சொந்தமாகிவிடும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெற்றவர்கள் குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நிந்தவூரில் கடலுக்குக் கிட்ட நான் மகளுக்கென்று கட்டி முடித்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகப் பெரிய ரோட்டுக்கு மேற்கே ஒரு நிவாரண வீடு கிடைத்தது. பூச்சு நன்றாகக் காய்வதற்கு முன்பே அதை மகளுக்கு எழுதிக் கொடுத்துக் கல்யாணத்தை முடித்தோம். மருமகன் வந்தார். கல்முனையில் பொடியன்மாருக்கு எலக்ட்ரோனிக் வேலை படிப்பிக்கிறவர். ஒரு பை உடுப்பும், ஆறு ஏழு பெட்டி நிறைய வயரும் கொண்டுவந்தார்.

மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் வயதுப் பெண்களுக்கு வழக்கமில்லை. அவர் முன் கதவால் வந்தால் நான் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விடுவேன். அதற்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. சொல்வதையெல்லாம் அதற்குச் சொல்வேன்.

"பூனே, சோறு ஆறுது. ஆக்கள் வயரோட குடும்பம் நடத்திக்கிட்டு இரிக்காங்க."

அவர் எழும்பி வந்து சாப்பிட உட்காருவார். கறியை வாயில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே உப்புத் தூவுவார். திரையின் ஓட்டையால் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பூனே, உப்புப் போட்டுத்தான் காய்ச்சின."

"பூனே," என்பார் அவரும், "மாமிட கறில குறை செல்லல்ல. கை பழகிட்டு."

அந்தப் பூனைக்கு எங்கள் குடும்ப விஷயம் எங்களை விட நன்றாகத் தெரியும்.

என் மனிசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலை வந்த காலையில் அவர் கரைவலைக்காரரிடம் மீன் வாங்கப் போயிருந்தார். தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மதிலில் அடித்தது. உயிர் தப்பியது. தலைக்குள் எங்கெங்கே காயம் என்று ஆசுபத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். எனக்குப் படம் விளங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் விளங்கியது. அவரிடமிருந்து பேர்கள் எல்லாம் போயிருந்தன. என்னை "ராத்தா" என்று, சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"ராத்தா, எங்கட ஊட்டுக்காரி எங்க?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார்.

"அவ தாய் ஊட்டுக்குப் பெய்த்தா. எப்பிடி, நல்ல பொண்ணா?"

கொஞ்சம் யோசித்தார். "நல்லவதான். வாய்தான் கூட."

பேர் போனாலும் ஆளைப் பற்றிய விஷயம் போகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எனக்கும் ஒன்று மாறியது. பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். கடல் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் "எந்த நேரமும் இந்த இரைச்சலோட எப்பிடி இரிக்கீங்க" என்று கேட்டால், "எந்த இரைச்சல்?" என்று திருப்பிக் கேட்பேன். சுனாமிக்குப் பிறகு வீடு தூரத்துக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு அலையும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. தெருவில் யாராவது வேகமாக ஓடினாலே போதும். "கடல் வருது" என்று ஊரே மேற்கே ஓடும். நாங்களும் ஓடியிருக்கிறோம். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, யார் முதலில் ஓடியது என்று சண்டை பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறோம். இது பழகிய சத்தம், இது புதுச் சத்தம் என்று தலைக்குள் பிரித்துத் தருகிற ஏதோ ஒன்று அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் பழுதாகியிருந்தது.

மேற்கே மலைப் பக்கம், காட்டோரமாக என் மனிசனுக்குத் தகப்பன் வழியில் ஒரு வயல் இருந்தது. நாட்டில் யுத்தம் நடந்த காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. வரம்பெல்லாம் காடாகிவிட்டது. சண்டை முடிந்ததும் போகலாம் என்றார்கள். ட்ரக்டரில் ஏறிப் போனோம். கூட வந்த அவருடைய தம்பிக்கே பாதை மறந்திருந்தது. பிள்ளைகளின் பேர் மறந்த என் மனிசன், ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டிக் காட்டினார். ஒரு பழைய வாய்க்கால் கரையில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லுக்குள் நடந்துபோய் நின்றார். அதுதான் எங்கள் வயலின் மூலை.

தம்பிக்காரர் கணக்காகக் கதைக்கிறவர். கெட்டவர் இல்லை. என் மனிசன் அவருக்கு நாநா, நான் மச்சி.

"மச்சி, சுத்திவர இன்னும் ஒருத்தரும் வெதைக்கல்ல. காட்டுக்கு முன்னால நம்மட வயல் மட்டும் பச்சையா நிண்டா ஆனை வராம என்ன செய்யும்? நாநாட ஆசைக்கு இந்த மழைக்குப் பெரும்போகம் ஒண்டு செய்வம். ஆனை திண்டிட்டா காணிய விலைக்குக் குடுத்திருவம். ஆள் கேட்டுக்கிட்டு இரிக்கார்."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றைக்கு என் மனிசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கையைக் கழுவினார். அவருடைய தலைக்குள் மிஞ்சியிருந்த ஒரே பாதை அந்த வயலுக்குப் போகிற பாதை. அந்தக் காணியையும் கொடுத்துவிட்டால் மனிசன் இனி எங்கே போவார் என்பதுதான் எனக்கிருந்த யோசனை.

விதைத்தோம். முளைத்தது. வயலில் காவலுக்குக் கட்டிய வாடியில், ஓலைக் குடிலில், தானே இருக்க வேண்டும் என்று என் மனிசன் அடம் பிடித்தார். அவரைத் தனியே விட முடியாமல் நானும் போகப் போவதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அது போதும்.

"என்னகா, ரெண்டு பேரும் வாடிக்குக் குடி போறீங்களாம். புது மாப்பிள பொண்ணு மாதிரி."

"ஓம்கா. முதல் தரம் சரியா வரல்ல. திரும்ப ஒருக்காப் பாப்பம்."

ஆனால் அவர் காவல் பார்ப்பார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. எதற்காக வெளியே வந்தோம் என்பதை வரம்பில் நின்றபடியே மறந்துவிடுவார். என் கண்ணும் அந்தி சாய்ந்தால் மங்கிவிடும். இதை மகள் தன் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சில நாள் தன் வயர்ப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கழுவித் தரச் சொன்னார்.

டின்னுக்குள் வயரும் சின்னச் சின்னக் கறுப்புத் துண்டுகளும் வைத்தார். உடைந்த போன்களிலிருந்து கழற்றிய மைக்குகள்தான் அதற்குக் காது. சுனாமி நிவாரணத்தில் வந்த, வெயிலில் சார்ஜ் ஏறும் லைட்டின் தகடு அதற்குச் சாப்பாடு. பழைய மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அதற்கு வாய். குசினி வாசலில், மீன் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டே மகளுக்கு விளங்கப்படுத்தினார். திரைக்குப் பின்னாலும் விளங்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்.

"சாதாரணக் கம்ப்யூட்டர் எந்த நேரமும் கணக்குப் பாத்துக்கிட்டே இரிக்கும், புள்ள. ஒண்டும் நடக்காட்டியும் பாக்கும். அதால கரண்ட்டக் குடிக்கும். வயல்ல கரண்ட்டுக்கு எங்க போற? மூள அப்பிடியில்ல. பழகின சத்தத்துக்கு அது அசையாது. புதுசா ஒண்டு வந்தாத்தான் நரம்பு துடிக்கும். அதாலதான் ஒரு கோப்ப சோத்தோட நாள் முழுக்க ஓடுது."

"ஒங்கட மூளைக்கு ஒரு கோப்ப காணாதே," என்றாள் மகள்.

நான் பூனையிடம் கேட்டேன். "பூனே, மழ, எலி, எறும்பு எல்லாம் இரிக்கிற இடம். ஒரு வயர் அறுந்தா முழுக்கச் செவிடாகிடுமா?"

"இல்ல பூனே. ஒரு விசயத்த ஒரு இடத்துல மட்டும் வெச்சா, அந்த இடம் போனா எல்லாம் போச்சு. மூள ஒரே விசயத்தக் கன இடத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சி வெச்சிரிக்கி. கொஞ்சம் போனாலும் மிச்சத்த வெச்சிச் சமாளிக்கும். அந்த மாதிரித்தான் இதையும் செஞ்சிரிக்கன்." பிறகு குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னார். "மாமாவப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்த."

இதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பூனையைத் தேடினேன். அது அங்கே இல்லை.

யானையின் சத்தத்தை மருமகன் ஒரு கூட்டாளியோடு குளத்துப் பக்கம் போய்ப் பிடித்துவந்திருந்தார். வேளாண்மைக்குள், அதாவது நெற்பயிருக்குள், அது கால் வைக்கிற சத்தம், கொப்பு முறிக்கிற சத்தம், அடிவயிற்றால் உறுமுகிற சத்தம். அதைப் பெட்டிக்குப் படிப்பித்தாயிற்று. இனி மனிதர் வாழ்கிற சத்தம் அதற்குப் பழக வேண்டும், பழகிவிட்டால் அதற்கெல்லாம் பேசாமல் இருக்கும், யானைக்கு மட்டும் கத்தும் என்றார். கொஞ்ச நாள் வீட்டுக் கூடத்திலும், கொஞ்ச நாள் வாடியிலும் பெட்டியை வைத்தார்.

"எல்லாரும் வழமையா இரிக்கிற மாதிரி இரிங்க," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வழமையாக எப்படி இருப்பது? அவர் உட்காருகிற கதிரையில் அவருடைய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு லைட் ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அதில் விழுகிற சத்தமெல்லாம் மருமகனிடம் போகும் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் அந்தக் கூடத்தைக் கடக்கும்போது தலையை மூடிக்கொண்டேன். சட்டி பானையை முட்டை வைக்கிற மாதிரி வைத்தேன். அப்போது நடை பழகிக்கொண்டிருந்த இதே பேத்தி அழுதால், வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு மகள் பின்வளவுக்கு ஓடினாள். மீன்காரன் வாசலில் கூவினால் நான் கையைக் காட்டி அனுப்பினேன். தும்மல் வந்தால் கிணற்றடிக்குப் போய்த் தும்மினேன். வாடியிலும் இதே கதைதான். அங்கே பெட்டிக்கு முன்னால் ஒரு சேலையைத் திரையாகவே கட்டிவிட்டேன். மருமகன் வீட்டில் இருக்கும்போது மரியாதையாக எப்படி இருப்போமோ, அதற்கு ஒரு பிடி கூடவே இருந்தோம்.

கதிர் வந்த நேரம், காட்டுப் பக்க வரம்பில் கம்புகள் நட்டு, கம்புக்கு ஒரு காதாகக் கட்டி, பெட்டியை வாடியில் கொழுவி, மருமகன் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டி என்னைப் படுத்திய பாடு. நான் பாக்கு இடித்தால் கத்தியது. கேத்தல் மூடி விழுந்தால் கத்தியது. என் மனிசன் தொண்டையைச் செருமினால் கத்தியது. கொக்கு, மயில், தவளை ஒன்றுக்கும் அது கத்தவில்லை. எங்களுக்குத்தான் கத்தியது. ஒவ்வொரு தரமும் மனிசன், யானை விரட்டுகிற ஆனை வெடியைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பு முழுக்க நடந்து பார்த்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்து, "ஒண்டுமில்ல ராத்தா," என்பார். நான் பெருமூச்சு விடுவேன். அதற்கும் கத்தும்.

தம்பிக்காரர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்கு அது வைத்த சத்தத்தில் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டார்.

"மச்சி, இது ஆனைய வெரட்டவா, மனிசர வெரட்டவா?" என்று உடுத்திருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு கேட்டார். "நான் காணி கேக்கிறவருக்கு வந்து பாக்கச் செல்றன். காணிய இப்பவே பேசி முடிப்பம். கதிரோட நிக்கக்குள்ள பாத்தா அவருக்கும் ஒரு ஆசை வரும்."

அவர் போனதும் ஹோர்னுக்குள் பழைய துணியை அடைத்தேன். கடல் வருது, கடல் வருது என்று ஓடிய ஊர், பிறகு பிறகு யார் சொன்னாலும் திரும்பிப் படுத்த மாதிரி, எனக்கும் அந்தச் சத்தத்தில் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த நாள் விடிந்து வரம்புக்குப் போனேன். சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றும் சுளகு அகலம், உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. வந்து, நின்று, வேளாண்மையைப் பார்த்துவிட்டு, என்னவோ நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறது. பக்கத்தில் என் மனிசன் வந்து நின்று அந்தப் பள்ளத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். மருமகன் அதைத் திறந்து பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. பிறகு, பெட்டி பழகிய நாட்களில் பிடித்துவைத்த சத்தத்தையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்க ஓட்டி ஓட்டிக் கேட்டார். பின்னேரம் எழும்பி வந்து, திரைக்கு முன்னால் நின்று, பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"பூனே, இந்த ஊட்டுல ஆக்களே இல்லியா? இவ்வளவு நாள் சத்தத்தையும் கேட்டுப் பாத்தன். மாமி இல்ல. புள்ள இல்ல. ஒரு சட்டி விழல்ல. ஆள் மௌத்தாப்போன ஊட்டுலயும் இத விடச் சத்தம் இரிக்கும்."

மகள் குசினியிலிருந்து சொன்னாள். "நீங்க கதிரைல குந்தியிரிக்கிற மாதிரி அது குந்தியிரிந்த. அதுக்கு முன்னால உம்மா எப்பிடி வாய் திறப்பா?"

மருமகன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு அது திரை வழியாகக் கேட்டது.

"நான் ஆனைய நினைச்சன், மழைய நினைச்சன், எலிய நினைச்சன். மாமிய நினைக்கல்லயே. பூனே, அதுக்கு மனிசர் எண்டு ஒரு சாமான் இரிக்கிறதே தெரியா. மாமிட தும்மலையும் ஆனையையும் அதால பிரிக்க ஏலாமப் பெய்த்து."

"பூனே," என்றேன், "ஆனை தும்மினா என்னப் போலத்தான் தும்முமா எண்டு கேளு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். திரும்பவும் பழக்க வேண்டும். இந்தத் தரம் மாமி கதைக்க வேண்டும். இடிக்க, ஏச, தும்ம, சிரிக்க, எல்லாம் வேண்டும். வந்து போகிற மோட்டார் சைக்கிள் சத்தமும் வேண்டும். அதோடு, எது மனிதர், எது காற்று என்று பிரித்துக் குறிப்பதற்காக, அவ்வளவையும் அவர் இருந்து கேட்க வேண்டும்.

எனக்கு உடம்பு கூசியது. திரைக்குப் பின்னால் பூனையிடம் நாலு வார்த்தை சொல்வது வேறு. நாள் முழுக்க என் வாயை மருமகனுடைய காதுக்குள் திறந்து வைப்பது வேறு. என் உம்மா கண்ணை மூடி மௌத்தாகும் வரைக்கும் என் மனிசனுக்குத் தன் குரலைக் கேட்கவிடாமல் இருந்தவள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சேற்றுப் பள்ளமும், அதற்குள் வைத்த காலும் கண்ணுக்குள் வந்தன. திறந்த வாயால் "சரி" என்றேன்.

வாடியில் பெட்டிக்கு முன்னால் இருந்த திரையைக் கழற்றினேன். முதல் நாள் சலாம் சொல்லிவிட்டு, என்ன கதைப்பதென்று தெரியாமல், கிழங்கு விலை பற்றிக் கொஞ்சம் சொன்னேன். இரண்டாம் நாள் வாய் இளகிவிட்டது.

"உப்ப வாயில வெச்சிப் பாத்துட்டுப் போட்டா என்ன? என்ட கறி என்ன கடல் தண்ணியா? பெரிய மீன்ட தலைய வேணாம் வேணாம் எண்டு செல்றது, பிறகு எல்லாரும் எழும்பினாப் போல சட்டிய வழிக்கிறது. எனக்குத் தெரியா எண்டு நினைப்பு. ஒங்கட உம்மா வந்தா 'என்ட மகன், என்ட மகன்' எண்டு செல்லிக்கிட்டே இரிக்கா. அந்த மகனுக்கு உடுத்த சாரத்த உதறிக் கொழுவத் தெரியா. குறட்டை சுவருக்கு இஞ்சால கேக்குது, பெட்டிக்கு அதையும் பழக்கி வைங்க, இல்லாட்டி அதுக்கும் ஆனை எண்டு கத்தும்."

என் மனிசன் பக்கத்தில் இருந்து, "யாரோட ராத்தா கதைக்கிற?" என்று கேட்டார்.

"மருமகனோட."

"ஆ. நல்ல பொடியன்," என்றார்.

பாக்கை எடுத்து இடித்தேன். பிறகு பெட்டியைப் பார்க்காமல் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையில இவரக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, தொழப் பள்ளிக்குக் கையப் புடிச்சிக் கூட்டிப் போறீங்க. கேட்ட கேள்வியத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், புதுசாக் கேட்ட மாதிரி மறுமொழி செல்றீங்க. நான் ஆம்புளப் புள்ள பெறல்ல. பெத்திரிந்தாலும் அவன் இப்பிடிச் செய்வானோ தெரியா. இதச் செல்ல எனக்கு வேற இடம் இல்ல."

இதையெல்லாம் அவர் எந்த நாள் கேட்டார், கேட்டு என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் பூனையிடமும் கேட்கவில்லை. பெட்டியைத் திரும்பப் பொருத்தித் தந்தபோது, "பூனே, இனி இது மாமிக்குப் பயப்படாது," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மீன் ஆணத்தை முதலில் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகும் உப்புப் போட்டார்.

கதிர் முற்றிய நேரம் கனத்த மழை பிடித்தது. வரம்பில் கட்டியிருந்த காதுகளில் ஒன்றுக்குள் தண்ணீர் போய்விட்டது. இன்னொன்றின் வயரை எலி அறுத்துவிட்டது. மருமகனுக்குச் சொல்லியனுப்பினோம். பாதையில் வெள்ளம், வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பிக்காரர் வந்தார். காணி கேட்கிறவர் வெள்ளம் வடிந்ததும் வருகிறாராம்.

வாடிக்குள் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துடைத்தார். இருமினார். பெட்டி பேசவில்லை. செருப்பை உதறிப் போட்டார். பேசவில்லை. எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளை முடுக்கி உறுமவிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"செத்துட்டு மச்சி, ஒங்கட பெட்டி," என்றார். "அண்டைக்கு ஆடு புழுக்க போட்டாலும் கத்தின சாமான்."

எனக்கும் அந்தப் பயம்தான். இரண்டு காது போனது எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறதா, எங்களுக்குப் பழகியதால் பேசாமல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மஃரிபுத் தொழுகைக்கு நேரம் நெருங்கியது. மழை விட்டு, மேற்கே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் இருந்தது. என் மனிசன் தொழுவதற்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கக் குந்தியிருந்தார். தம்பிக்காரர் காணி பற்றி உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை சத்தத்துக்கும் நடுவில் ஹோர்ன் அடித்தது.

தம்பிக்காரர் வாயை மூடினார். நானும் மூடினேன். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தும் அது நிற்காமல் அடித்தது.

என் மனிசன் ஈரக் கையோடு எழும்பினார். காட்டுப் பக்கம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், பேர் வரவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டிவிட்டு, வெடியை எடுத்துக்கொண்டு நடந்தார். இறங்குகிற இடம், மடை, வளைவு ஒன்றும் அவருக்குப் பிழைக்கவில்லை. பின்னால் தம்பிக்காரர் "நாநா, நில்லுங்க, நாநா," என்று விழுந்து எழும்பி ஓடினார். காட்டு மரங்களுக்கு வெளியே இரண்டு பெரியதும் ஒரு குட்டியும் நின்றன. முன்னால் நின்றது காலை வேளாண்மைக்குள் வைத்தாயிற்று. வெடி ஒன்று போனது. தம்பிக்காரர் இன்னொன்றைக் கொளுத்திப் போட்டார். நான் வாடியிலிருந்து தகரத்தை அடித்து, எனக்குத் தெரிந்த ஏச்சையெல்லாம் ஏசினேன். குட்டி முதலில் திரும்பியது. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் போயின. மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மிதிபட்டிருந்தது. அவ்வளவுதான்.

தம்பிக்காரர் திரும்பி வந்து கனநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்.

"அவர வர வேணாமெண்டு செல்லிர்றன், மச்சி. காணி நாநாட கையிலயே இரிக்கட்டும்."

வெட்டு மெஷின் வந்து வேளாண்மையை வெட்டியது. என் மனிசன் அதற்குப் பின்னாலேயே நடந்து, சிந்திய கதிரைப் பொறுக்கி மடியில் கட்டினார். அதற்குப் பிறகும் அவர் இருந்த வரைக்கும் ஒவ்வொரு பெரும்போகமும் அந்தப் பாதையால் போய் வந்தார்.

அடுத்த விதைப்புக்கு எங்கள் தெருவிலேயே சில பேர் தங்கள் பழைய வயலை வெட்டித் திருத்தினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஒருநாள் பின்னேரம் கூட்டமாக என்னிடம் வந்தார்கள். எங்களுக்கும் ஒரு காது செய்து தரச் சொல்லி மருமகனிடம் கேளுங்கள், அதை எப்படிப் பழக்குவதென்றும் சொல்லித் தாருங்கள் என்றார்கள்.

"பழக்குறது லேசுகா," என்று அவர்களிடம் சொன்னேன். "அதுக்கு முன்னால குந்தி, ஒங்கட மருமகன்மாரப் பத்தி மனசுல உள்ளத எல்லாம் ஒண்டும் உடாம உரத்துக் கதைக்கணும். பிறகு மருமகன்மாரே அத இரிந்து கேப்பாங்க. யாருக்கு முதல்ல வேணும், செல்லுங்க."